இன்புட் லைட் எரிகிறது, புரோகிராம் பார்க்கவில்லை: பி.எல்.சி.யில் நேரக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன்களில் பாதி இதே கதைதான். "சார், சென்சார் எரியுது, பி.எல்.சி. எடுக்க மாட்டேங்குது. கார்டு போயிடுச்சு போல, புதுசு மாட்டிடட்டுமா?" மாட்ட வேண்டாம். இப்படிச் சந்தேகப்பட்டு நான் கழற்றிய இன்புட் கார்டுகளில் உண்மையிலேயே செத்துப்போனவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மீதி எல்லாம் நேரத் தகராறு. சிக்னல் வந்த நேரத்தில் பி.எல்.சி. (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) பார்க்கவில்லை, பி.எல்.சி. பார்த்த நேரத்தில் சிக்னல் இல்லை, அவ்வளவுதான்.

தியரி பேசப் போவதில்லை. இது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்: பெரும்பாலான பி.எல்.சி.கள் ஒவ்வொரு சுற்றிலும் இன்புட்டுகளை ஒரே தடவை படம் எடுத்து வைத்துக்கொண்டு, புரோகிராம் முழுவதையும் அந்தப் படத்தைப் பார்த்தே ஓட்டிவிட்டு, அவுட்புட்டுகளை மொத்தமாக வெளியே எழுதுகின்றன. இன்புட் லைட் எரிவது சிக்னல் டெர்மினல் வரை வந்ததற்குச் சாட்சி. புரோகிராம் அதைப் பார்த்ததற்குச் சாட்சி இல்லை.

கீழே சொல்வது மூன்று குடும்பங்களை வைத்து: சீமென்ஸ் எஸ்7-1200, மிட்சுபிஷி எஃப்எக்ஸ், ஆலன் பிராட்லி காம்பாக்ட்லாஜிக்ஸ். வேறு கம்பெனிக் கன்ட்ரோலராக இருந்தாலும் தேடும் வரிசை இதேதான்.

## எதையும் தொடும் முன் மூன்று எண்கள்

ஒரு தாளில் எழுதி பேனல் கதவில் ஒட்டிவிடுங்கள்.

முதலாவது ஸ்கேன் டைம், அதாவது மேலே சொன்ன ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம். சராசரி வேண்டாம், அதிகபட்சம் வேண்டும். எஸ்7-1200-இல் ஆன்லைன் போய் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் சைக்கிள் டைமைப் பாருங்கள், குறைந்தது, இப்போதையது, அதிகபட்சம் மூன்றும் இருக்கும். எஃப்எக்ஸில் டி8010 (D8010) இப்போதையது, டி8011 குறைந்தது, டி8012 அதிகபட்சம். அலகு 0.1 மில்லி செகண்ட், அதாவது 245 என்று காட்டினால் 24.5 மில்லி செகண்ட், இதை 245 என்றே படித்துப் பதறியவர்கள் உண்டு. காம்பாக்ட்லாஜிக்ஸில் டாஸ்க் ப்ராப்பர்ட்டீஸில் மானிட்டர் டேப். லைன் ஓடாத நேரத்தில் பார்த்த எண் உதவாது, ஒரு முழு ஷிஃப்ட் ஓடிய பிறகு பாருங்கள்.

இரண்டாவது, இன்புட் ஃபில்டர், அதாவது சிக்னல் எவ்வளவு நேரம் மாறாமல் நின்றால் பி.எல்.சி. அதை ஏற்கும் என்ற அளவு. எஸ்7-1200-இல் யாரும் கை வைக்காவிட்டால் 6.4 மில்லி செகண்ட். எஃப்எக்ஸில் 10 மில்லி செகண்ட்.

மூன்றாவது, சென்சார் எவ்வளவு நேரம் ஆன், எவ்வளவு நேரம் ஆஃப். இதற்கு ஆஸிலோஸ்கோப் தேவையில்லை. பொருளின் நீளத்தை கன்வேயர் வேகத்தால் வகுத்தால் வந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் பெல்ட்டில் 1 மில்லி செகண்டுக்கு 1 மில்லி மீட்டர், மனக்கணக்குக்குச் சௌகரியம்.

ஆன் நேரமும் ஆஃப் நேரமும் தனித்தனியாக ஃபில்டரையும் அதிகபட்ச ஸ்கேனையும் கூட்டி வருவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் என்றைக்காவது ஒரு நாள் தவறும்.

## அறிகுறி 1: எண்ணிக்கை குறைகிறது

### மெதுவாக ஓட்டினாலும் குறைகிறதா?

அப்படியானால் இது நேரக் கோளாறே இல்லை. சென்சார் பிராக்கெட் ஆடுகிறதா, லென்ஸில் தூசி இருக்கிறதா, பிராக்ஸிக்கும் (உலோகம் அருகே வந்தால் எரியும் சென்சார்) டார்கெட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டதா என்று பாருங்கள். ஒரு ஸ்பேனர், ஒரு துணி, ஐந்து நிமிஷம்.

### வேகம் கூட்டினால் மட்டும் குறைகிறதா?

இங்கேதான் எல்லோரும் ஆன் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஒரு பாட்டில் லைனில் எனக்கு நடந்தது இது. பாட்டில் விட்டம் 65 மில்லி மீட்டர், பெல்ட் வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஆன் நேரம் 130 மில்லி செகண்ட், தாராளம். ஆனாலும் ஷிஃப்டுக்கு இருபது முப்பது பாட்டில் குறையும், எப்போதும் இல்லை, சில நாள் சுத்தமாக வரும், சில நாள் குறையும். இரண்டு நாள் சுற்றிச்சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் பெல்ட் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முன்னால் கேப்பிங் மெஷின் நின்று நின்று ஓடும்போது பாட்டில்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. இடைவெளி 3 மில்லி மீட்டர் ஆகிவிடுகிறது. அரை மீட்டர் வேகத்தில் அது 6 மில்லி செகண்ட். ஃபில்டரோ 6.4. சென்சார் அணைந்து எரிந்ததை ஃபில்டர் விழுங்கிவிட, இரண்டு பாட்டில் ஒரே நீளமான பாட்டிலாகப் பதிவாகியிருக்கிறது.

தீர்வுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. சென்சாரை உடம்பு மட்டத்திலிருந்து மூடி மட்டத்துக்குத் தூக்கினேன். மூடி அகலம் 30 மில்லி மீட்டர், அதனால் பாட்டில்கள் ஒட்டிக்கொண்டே வந்தாலும் மூடிக்கு மூடி 35 மில்லி மீட்டராவது வெற்றிடம் உண்டு. அதாவது ஆஃப் நேரம் 70 மில்லி செகண்ட். அன்றோடு சரி.

இடத்தை மாற்ற வழியில்லை என்றால் மலிவானதிலிருந்து இந்த வரிசையில் போங்கள்:

- ஆன் பல்ஸ்தான் குட்டையாக இருக்கிறதா? நிறைய போட்டோ சென்சார்களில் ஆஃப்-டிலே என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டால் சென்சாரே பல்ஸை நீட்டித் தரும். இடைவெளி குட்டையாக உள்ள இடத்தில் இதைப் போட்டீர்களோ, இருந்த இடைவெளியும் போய்விடும்.
- அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் ஃபில்டரைக் குறையுங்கள். எஸ்7-1200-இல் டிவைஸ் கான்ஃபிகரேஷனில் மாற்றி டவுன்லோட் செய்ய வேண்டும், அதற்கு சி.பி.யு. ஸ்டாப்புக்குப் போகும், அதனால் லைன் நிற்கும் நேரத்தில். எஃப்எக்ஸில் டி8020, ஆனால் அது ஒரு இன்புட்டுக்கு மட்டும் இல்லை, மெயின் யூனிட்டின் ஒரு தொகுதி இன்புட்டுகளுக்கும் சேர்த்து மாறும். மெக்கானிக்கல் லிமிட் சுவிட்ச் உள்ள இன்புட்டில் குறைக்காதீர்கள், குறைத்தால் நேராக அறிகுறி 2-க்கு வந்துவிடுவீர்கள்.
- ஃபில்டரைத் தாண்டிய பல்ஸ் ஸ்கேனுக்கு நடுவே வந்து போய்விடுகிறதா? எஸ்7-1200-இல் பல்ஸ் கேட்ச் டிக் போடுங்கள். அடுத்த படம் எடுக்கும் வரை அந்த பல்ஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஒரு ஸ்கேனுக்குள் இரண்டு பல்ஸ் வந்தால் அதற்கு ஒன்றுதான்.
- வெறும் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் ஸ்கேனுக்குக் காத்திராமல் எண்ணும் ஹை ஸ்பீட் கவுன்டருக்கு மாறுங்கள். மாறிய கையோடு ஃபில்டரையும் மாற்றுங்கள். 6.4 மில்லி செகண்ட் ஃபில்டரை அப்படியே விட்டால் ஹை ஸ்பீட் கவுன்டர் என்ற பெயரோடு 78 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் எண்ணாது. நான் போய்ப் பார்த்த "ஹை ஸ்பீட் கவுன்டர் வேலை செய்யலை" கேஸ்களில் பெரும்பான்மை இதுதான்.

இமீடியட் இன்புட் (படத்தை விட்டு இன்புட்டை நேராகப் படிப்பது) போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சீமென்ஸில் ஐ0.3:பி என்று படிப்பதும், எஃப்எக்ஸில் ரெஃப் கட்டளையும் ஸ்கேன் காத்திருப்பைத்தான் தவிர்க்கும். ஃபில்டர் அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, அதை இவை தாண்டாது.

ஆள் கூப்பிடும் இடம்: என்கோடர் (சுழற்சியைப் பல்ஸாக மாற்றித் தரும் சென்சார்) பல்ஸ் எண்ணிக்கை தவறினால், ஹை ஸ்பீட் கவுன்டரும் ஃபில்டரும் சரியாக இருந்தும் தவறினால், ஸ்கோப் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். ஃபாஸ்ட் இன்புட் மாட்யூல் வாங்குவதா என்பதை அலைவடிவத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

## அறிகுறி 2: எண்ணிக்கை கூடுகிறது

சென்சார் ஒயரை சென்சார் பக்கத்து முனையில் கழற்றிவிட்டு லைனை வெறுமனே ஓட்டிப் பாருங்கள்.

### கழற்றியும் எண்ணுகிறதா?

ஒன்று புரோகிராம், இல்லை நாய்ஸ். இன்புட்டை ஆன்லைனில் பார்க்கும்போது அது பூஜ்யமாகவே இருந்தும் கவுன்டர் ஏறுகிறதென்றால் புரோகிராம்தான்: அதே கவுன்டர் வேறொரு இடத்திலும் ஏற்றப்பட்டிருக்கும். காப்பி-பேஸ்ட் செய்து எழுதிய புரோகிராமில் இது சர்வ சாதாரணம். அந்தக் கவுன்டரின் மேல் கிராஸ் ரெஃபரன்ஸ் (எங்கெல்லாம் பயன்படுகிறது என்ற பட்டியல்) போட்டால் இரண்டு இடம் காட்டும்.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது மட்டும் ஏறுகிறதென்றால் நாய்ஸ். மோட்டார் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே ட்ரேயில் படுத்திருக்கும், பிரியுங்கள். ஷீல்டு எர்த்தில் இருக்கிறதா பாருங்கள்.

### மாட்டினால் மட்டும் எண்ணுகிறதா?

லிமிட் சுவிட்ச், புஷ் பட்டன், ரிலே கான்டாக்ட் என்றால் கான்டாக்ட் துள்ளுகிறது. யாரோ ஃபில்டரைக் குறைத்திருப்பார்கள், கூட்டுங்கள். போட்டோ சென்சார் என்றால் பொருளின் விளிம்பிலோ பளபளப்பான ரேப்பரிலோ ஒளி விட்டுவிட்டுத் திரும்புகிறது. கோணத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்.

## அறிகுறி 3: ரிஜெக்ட் புஷர் சில நேரம் சரியாகத் தட்டுகிறது, சில நேரம் பக்கத்துப் பெட்டியைத் தட்டுகிறது

இதுதான் அதிகம் தலைமுடியைப் பிய்க்க வைக்கும் கோளாறு. முதலில் ஒரு கேள்வி: எப்போதும் ஒரே அளவு தாமதமா, அல்லது தட்டுக்குத் தட்டு மாறுகிறதா? பத்துப் பெட்டியை ஓடவிட்டு, புஷர் தட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் டிலேயை மாற்றினால் போதும், முடிந்தது. சிதறி விழுந்தால் மேலே படியுங்கள்.

### முதலில் காற்று

சிரிக்க வேண்டாம். புஷருக்குப் போகும் ஏர் லைனில் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே பக்கத்து மெஷினை ஓடவிடுங்கள். முள் ஆடினால் புஷரின் வேகமும் ஆடும். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் இதைப் பார்க்காமல் ஒரு மதியம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

### அடுத்து டைமர்

எஃப்எக்ஸ் என்றால் டைமர் எண்ணைப் பாருங்கள். டி0 முதல் டி199 வரை (T0 – T199, மேலே பார்த்த D இல்லை) 100 மில்லி செகண்ட் டைமர்கள். யாராவது டி10-இல் கே3 (மூன்று துடிப்பு) போட்டு "300 மில்லி செகண்ட்" என்று நினைத்திருப்பார்கள். அந்த டைமர் ஒரு துடிப்பு முன்னே பின்னே முடியலாம், அந்தத் துடிப்பு 100 மில்லி செகண்ட். 1 மீட்டர் வேக பெல்ட்டில் பத்து சென்டி மீட்டர்! டி200 முதல் டி245 வரை 10 மில்லி செகண்ட், எஃப்எக்ஸ்3யூ என்றால் டி256-இலிருந்து 1 மில்லி செகண்ட் டைமர்களும் உண்டு. எண்ணையும் கே மதிப்பையும் மாற்றினால் கோடுகள் பாதி ஒன்றுகூடிவிடும்.

### பிறகு அவுட்புட் பக்கம்

ரிலே அவுட்புட்டா, டிரான்சிஸ்டரா? எஸ்7-1200-இன் ரிலே அவுட்புட் மாற 10 மில்லி செகண்ட் வரை எடுக்கலாம், டிரான்சிஸ்டரில் அது கணக்கிலேயே வராது. அதோடு ரிலேவின் ஆயுள் முழு லோடில் 1 லட்சம் தடவை என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. நொடிக்கு ஒரு தடவை தட்டும் வால்வுக்கு அது 28 மணி நேரம்கூட இல்லை. வேகமாகத் தட்டும் எதையும் ரிலே அவுட்புட்டில் மாட்டாதீர்கள்.

புஷர் நீள்வது சரி, திரும்புவதுதான் தாமதம் என்றால் சொலினாய்டு கனெக்டருக்குள் பாருங்கள். டி.சி. காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு இருந்தால் காயில் கரன்ட் மெல்லத்தான் வடியும், வால்வு விடுவதும் தாமதமாகும். ஜீனர் சேர்த்த கனெக்டர் வாங்கி மாட்டினால் சீக்கிரம் விடும். டயோடையே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், டிரான்சிஸ்டர் அவுட்புட் போய்விடும்.

### கடைசியாக ஸ்கேன்

தாளில் எழுதிய குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் பாருங்கள். ஒரு இடத்தில் 6-க்கும் 31-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை உற்பத்திப் பதிவுகளை மொத்தமாகத் தேடும் ஒரு லூப், அது ஓடும் அந்த ஒரு ஸ்கேனில் வந்து மாட்டிய பெட்டிதான் தப்பியது. தேடலைத் துண்டு துண்டாக்கி, ஒரு ஸ்கேனுக்குப் பத்துப் பதிவு என்று மாற்றியதும் அதிகபட்சம் 9-க்கு இறங்கியது.

லூப் இல்லாமலேயே ஸ்கேன் பெரிதென்றால், ரிஜெக்ட் வேலையை மட்டும் தனியே எடுத்து ஹார்டுவேர் இன்டரப்டில் (சிக்னல் வந்தவுடன் ஸ்கேனை நிறுத்திவிட்டு ஓடும் பகுதி) போட்டு, அவுட்புட்டை இமீடியட்டாக எழுதுங்கள். எஸ்7-1200-இல் க்யூ0.0:பி, காம்பாக்ட்லாஜிக்ஸில் ஐ.ஓ.டி. கட்டளை. இன்டரப்ட் இன்புட்டை வேகமாக எடுத்துவிட்டு அவுட்புட்டைச் சாதாரணமாக எழுதினால் அது ஸ்கேன் முடியும் வரை காத்திருக்கும். பாதி வேலைதான் நடந்திருக்கும்.

ஆள் கூப்பிடும் இடம்: பெல்ட் வேகமே மாறிக்கொண்டிருந்தால் டைமரால் தீராது. என்கோடர் மாட்டி, தூரத்தை வைத்துத் தட்ட வேண்டும். அதற்கு மெக்கானிக்கல் வேலையும் புரோகிராம் மாற்றமும் தேவை, மெஷின் செய்தவரிடமோ ஆட்டோமேஷன் ஆளிடமோ கொடுத்துவிடுங்கள். புஷர் பக்கம் ஆள் கை போகும் இடமாக இருந்தால் நேரத்தை மாற்றும் முன் பாதுகாப்பு மறைப்பும் இன்டர்லாக்கும் சரியாக உள்ளனவா என்பதையும் அவர்களே பார்க்கட்டும்.

## அறிகுறி 4: ரங் (லேடர் புரோகிராமின் ஒரு வரி) பச்சையாகத் தெரிகிறது, அவுட்புட் வரவில்லை

கிராஸ் ரெஃபரன்ஸ். இரண்டு இடத்தில் அதே காயில் (புரோகிராமில் அவுட்புட்டை எழுதும் கட்டளை) இருக்கும். எஸ்7-இலும் எஃப்எக்ஸிலும் கடைசியாக எழுதியதுதான் வெளியே போகும், மேலே உள்ள ரங் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மதிப்பில்லை.

காம்பாக்ட்லாஜிக்ஸில் இது வேறு மாதிரி ஆட்டம் காட்டும். அங்கே மாட்யூலுக்கு டேட்டா போவது ஸ்கேனுக்குக் கட்டுப்பட்டதில்லை, ஆர்.பி.ஐ. (டேட்டா பரிமாற நாம் வைத்த இடைவெளி) நேரம் வந்தாலும் போகும். முதல் காயில் ஆன் செய்து இரண்டாவது ஆஃப் செய்வதற்குள் ஒரு பாக்கெட் கிளம்பிவிட்டால் அவுட்புட் மினுக்கும். கான்டாக்டர் படபடவென்று அடித்தால் கான்டாக்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

இரட்டைக் காயில் இல்லையா? அந்தச் சப்ரூட்டீன் அழைக்கப்படுகிறதா, ஜம்ப் தாண்டிப் போகிறதா, ஃபோர்ஸ் (கையால் கட்டாயமாக வைத்த மதிப்பு) போட்டு மறந்திருக்கிறார்களா. இவ்வளவும் சரியாக இருந்து, அவுட்புட் லைட் எரிந்து, டெர்மினலில் 24 வோல்ட் வராவிட்டால்தான் கார்டு. அதற்கும் முன் அவுட்புட் பக்கத்து 24 வோல்ட் சப்ளை ஃபியூஸ்.

## அறிகுறி 5: ஒரே இன்புட் ஒரே ஸ்கேனில் இரண்டு விதமாகத் தெரிகிறது

சீக்வென்ஸில் ஸ்டெப் தாவுகிறது, அல்லது சேர்ந்து வரவே முடியாத இரண்டு ஸ்டெப் சேர்ந்து வருகிறது. மாதம் ஒரு தடவை வரும், லேப்டாப் மாட்டினால் வராது.

காம்பாக்ட்லாஜிக்ஸ் என்றால் ரங் 3-இல் ஆஃப் ஆக இருந்த இன்புட் ரங் 40-க்கு வருவதற்குள் ஆன் ஆகியிருக்கலாம். மருந்து: முதல் ரூட்டீனில் இன்புட் எல்லாவற்றையும் உள் டேகுகளுக்கு நகலெடுத்து, மீதிப் புரோகிராம் அந்த நகலை மட்டும் பார்க்கட்டும். பெரிய கட்டமைப்பை நகலெடுக்க சி.பி.எஸ். போடுங்கள், சாதாரண காப்பி நடுவில் டேட்டா மாற இடம் கொடுக்கும்.

எஸ்7-1200-இல் யாரோ ஐ0.3-ஐயும் ஐ0.3:பி-ஐயும் கலந்து எழுதியிருப்பார்கள். :பி போட்டுப் படித்தால் அந்த நேரத்து நிஜம் கிடைக்கும், ஆனால் படம் புதுப்பிக்கப்படாது. இன்னொரு ஒளிவிடம் ஐ.ஈ.சி. டைமர்: அதன் க்யூவை எங்கே படித்தாலும் அங்கே நேரம் புதுப்பிக்கப்படும், அதனால் ஒரே ஸ்கேனில் மேலே ஆஃப், கீழே ஆன். ஒரு தடவை படித்து ஒரு பிட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பிட்டைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 6: ரிமோட் ஐ/ஓ (நெட்வொர்க் கேபிளில் தூரத்தில் மாட்டிய இன்புட்-அவுட்புட்) மந்தமாக இருக்கிறது, அல்லது நொடி நேரம் அறுந்து வருகிறது

அறுந்து வருகிறதென்றால் முதலில் ஆர்ஜே45 கிரிம்ப், பிறகு ரிமோட் பேனலில் 24 வோல்ட். பெரிய வால்வு இழுக்கும் நேரத்தில் மல்டி மீட்டரில் மின்-மேக்ஸ் வைத்துப் பாருங்கள். அப்புறம் நெட்வொர்க் சுவிட்ச். அதே சுவிட்சில் கேமராவையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் சொருகியிருந்தால் பிடுங்கிவிட்டு ஒரு ஷிஃப்ட் பாருங்கள்.

ப்ரொஃபினெட்டில் (சீமென்ஸ் பயன்படுத்தும் நெட்வொர்க்) வழக்கமான அமைப்பில் மூன்று அப்டேட் தவறினால் டிவைஸ் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். 2 மில்லி செகண்ட் அப்டேட் என்றால் வெறும் 6 மில்லி செகண்ட் பொறுமை. அந்த ஸ்டேஷனில் நான்கு லைட்டும் ஒரு ஹூட்டரும்தான் இருக்கிறதென்றால் எதற்கு 2? 16 போடுங்கள்.

மந்தம் என்றால் தலைகீழ் தவறு. ஆர்.பி.ஐ.யை 2-க்கு இறக்கிவிட்டு இன்னும் மந்தம் என்பார்கள். புரோகிராம் ஸ்கேன் 25 என்றால் 2 மில்லி செகண்டில் வந்த டேட்டாவைப் பார்க்க அங்கே ஆளில்லை, நெட்வொர்க்குக்குத்தான் சுமை.

ஆள் கூப்பிடும் இடம்: கேபிள், சப்ளை, சுவிட்ச் மூன்றும் மாற்றியும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அறுந்தால் நெட்வொர்க் அனலைசர் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: எச்.எம்.ஐ. பட்டன் சில தடவை எடுக்கவில்லை

டச் ஸ்கிரீனும் பி.எல்.சி.யும் பேசிக்கொள்ளும் வேகம் ஸ்கேனைவிட மிக மெதுவானது. சட்டென்று தட்டி எடுத்தால் ஆன் போவதற்குள் ஆஃப் வந்துவிடும். பட்டன் பிட்டை ஆன் செய்ய மட்டும் விட்டு, பி.எல்.சி. அதைப் பார்த்த பிறகு பி.எல்.சி.யே ரீசெட் செய்யட்டும். ஜாகிங் பட்டனை (அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓட்டுவது) மட்டும் டச் ஸ்கிரீனில் வைக்கவே வைக்காதீர்கள். அழுத்திய நிலையில் கேபிள் அறுந்தால் பிட் ஆனிலேயே நின்றுவிடும். நிஜமான புஷ் பட்டன் போடுங்கள்.

## அறிகுறி 8: சி.பி.யு. ஸ்டாப், டைம் எரர்

வாட்ச்டாக், ஒரு ஸ்கேன் இவ்வளவு நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற எல்லை. எஸ்7-1200-இல் 150 மில்லி செகண்ட், எஃப்எக்ஸில் 200, காம்பாக்ட்லாஜிக்ஸ் டாஸ்கில் 500, யாரும் மாற்றாத வரை. இதைக் கூட்டிவிட்டு லைனை ஓட்டலாம்தான், நானும் செய்திருக்கிறேன், விடியும் வரை தாக்குப்பிடிக்க. ஆனால் 10-இல் ஓடும் புரோகிராம் 150-ஐத் தொடுகிறதென்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபார் லூப்பின் எல்லை எண் ஆபரேட்டர் அடித்த மதிப்பிலிருந்து வருகிறது என்று அர்த்தம். டயக்னாஸ்டிக்ஸ் பஃபரில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் எந்த ரெசிபியைப் போட்டார்கள் என்று ஷிஃப்ட் ஆளிடம் கேளுங்கள். ரீசெட் செய்துவிட்டுக் கேட்டால் "ஒண்ணும் பண்ணலை சார்" என்பார், ரீசெட்டுக்கு முன்னால் கேட்டால் சொல்லிவிடுவார்.

எமர்ஜென்சி ஸ்டாப், சேஃப்டி கர்ட்டன் சேர்ந்த மெஷினில் இந்த எரர் வந்தால் நீங்களாக எதையும் மாற்றாமல் சேஃப்டி சான்று கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் கதவில் ஒட்டிய அந்தத் தாளையும், கோளாறு வந்த நிமிஷத்தில் எடுத்த ட்ரேஸையும் (சிக்னல்களின் பதிவு), கடைசியாக வேலை செய்த புரோகிராமின் பேக்கப்பையும் கொடுங்கள். பேக்கப் இல்லையென்றால் அவர் வருவதற்குள் பி.எல்.சி.யிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று அப்லோட் செய்து வையுங்கள்.